சளியில் தொடங்கும் காது வலி: சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் வீட்டில் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை

பகலெல்லாம் மூக்கொழுகிக்கொண்டே ஓடியாடிய பிள்ளை, ராத்திரி படுக்க வைத்ததும் காதைப் பிடித்துக்கொண்டு வீரிட்டு அழும். வீட்டில் ஒருவர் எண்ணெய் காய்ச்சப் போவார், இன்னொருவர் மிச்சமிருக்கும் பழைய மருந்து பாட்டிலைத் தேடுவார். இரண்டுமே வேண்டாம். என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிட்டால் பதற்றம் பாதி குறையும்.

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது. காதுக்குள் காற்றழுத்தத்தைச் சமன் செய்வதும், அங்கே ஊறும் நீரை வடிய விடுவதும் அதுதான். பெரியவர்களுக்கு அது நீளமாகவும் சரிவாகவும் இருக்கும். குழந்தைக்குக் குட்டையாக, ஏறக்குறைய படுத்தவாக்கில் இருக்கும். சளி பிடித்து அந்தக் குழாயின் வாய் வீங்கினால் உள்ளே நீர் தேங்கும், அதில் கிருமி பெருகும், செவிப்பறை பின்னாலிருந்து வெளியே தள்ளப்படும். படுத்தால் அழுத்தம் இன்னும் கூடும். ராத்திரி அழுகைக்கு இதுதான் காரணம். 6 மாதத்திலிருந்து 2 வயது வரை இது மிக அதிகம்.

வலி காதில் இருந்தாலும் வேர் மூக்கில் இருக்கிறது. நோய் இருப்பது செவிப்பறைக்கு அந்தப் பக்கம். நாம் ஊற்றும் எண்ணெய் இந்தப் பக்கமே நின்றுவிடும்.

படி 1: முதலில் மூச்சை எண்ணுங்கள்

மருந்தைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. குழந்தை தூங்கும்போதோ, அழாமல் மடியில் இருக்கும்போதோ சட்டையை நெஞ்சுக்கு மேல் தூக்கிவிடுங்கள். வயிறும் நெஞ்சும் ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து, முழு நிமிடமும் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது, கணக்கு தப்பிவிடும்.

2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் 1 வயது வரை 50-ம் மேலும், 1 முதல் 5 வயது வரை 40-ம் மேலும் வந்தால் அது வேகமான மூச்சு. நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக் கொண்டிருக்கவே வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்காதீர்கள். தேவைப்பட்டால் 108-ஐ அழையுங்கள்.

- 3 மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
- பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது, வலிப்பு
- காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின் மேல் வீங்கிச் சிவந்து, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது
- கழுத்து விறைப்பு, அல்லது முகம் ஒரு பக்கம் கோணுவது
- எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகுவதோடு, மூச்சு இழுக்கும்போது கரகரவென்று சத்தம்

படி 2: எந்த இடத்தில் நோய் என்று பாருங்கள்

மூக்கொழுகல், தும்மல், லேசான காய்ச்சல், இருமல் என்றால் சாதாரணச் சளி. 200-க்கும் மேற்பட்ட வைரஸ்களில் ஏதோ ஒன்று. நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கே வருடத்துக்கு ஆறிலிருந்து எட்டு முறை வரும், ஒரு வாரம் பத்து நாளில் போகும், இருமல் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும். மூன்றாம் நான்காம் நாளில் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியானால் பயப்பட வேண்டாம். நிறம் மாறியது என்பதற்காக ஆண்டிபயாடிக் தேவையில்லை.

பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைக்கு மூக்கொழுகலும் இருமலும் இல்லாமல், திடீரென்று காய்ச்சலும் தொண்டை வலியும் வந்து, கழுத்தில் நெறி கட்டி, டான்சிலில் வெள்ளையாகச் சீழ் தெரிந்தால் அதைச் சளிக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா காரணமாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு மூட்டுக் காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுக்கும். டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டிய தொண்டை வலி இதுதான்.

காதுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. காது துவாரத்தின் முன்னால் முகத்தை ஒட்டிச் சின்ன மேடு இருக்கிறதே, அதை மெல்ல அழுத்துங்கள், மடலை லேசாக அசையுங்கள். அப்போது வலி துடித்துக் கூடினால் வெளிக்காதில் புண் இருக்க வாய்ப்பு அதிகம். கிணறு, நீச்சல் குளம் என்று குளித்த பிள்ளைகளுக்கும், பட்ஸ் விட்டுக் குடைந்த காதுகளுக்கும் வருவது. அசைத்தாலும் வலி கூடவில்லை, கூடவே சளி இருக்கிறது என்றால் பெரும்பாலும் நடுக்காது. பேசத் தெரியாத குழந்தை காதை இழுக்கும், பால் குடிக்க வாயை வைத்துவிட்டு உடனே எடுத்து அழும். காதை இழுப்பது மட்டும் இருந்து, காய்ச்சலோ அழுகையோ இல்லாவிட்டால் அது வெறும் பழக்கமாகவும் இருக்கலாம்.

படி 3: மூக்கைத் திறந்துவிடுங்கள்

மெடிக்கலில் 0.65 சதவீத உப்புநீர் சொட்டு கிடைக்கும். பால் கொடுப்பதற்கும் தூங்க வைப்பதற்கும் கொஞ்ச நேரம் முன்பு, ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விட்டு, இளகி வருவதை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். புட்டிப்பால் என்றால் குழந்தையைப் படுக்க வைத்துக் கொடுக்காமல், தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள்.

படி 4: வலிக்குப் பாராசிட்டமால், எடைக்கு ஏற்ற அளவில்

தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம்.

இப்போது பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அந்த 10 கிலோ குழந்தைக்கு 6 மில்லி. 5 மில்லியில் 250 என்றிருந்தால் 3 மில்லிதான். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 இருக்கும், அப்போது ஒன்றரை மில்லி போதும். மூன்றும் ஒரே பெயரில், ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் வரலாம். சிரப்பின் 6 மில்லி கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தை 6 மில்லி கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும், அது ஈரலைத் தாக்கக்கூடும். சமையலறை ஸ்பூன் வேண்டாம், மருந்தோடு வரும் அளவு மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ வைத்து அளந்து கொடுங்கள்.

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் கூடாது.

படி 5: இவற்றைக் கைவிடுங்கள்

பாட்டி சொன்ன எதையும் இங்கே பழிக்க வரவில்லை. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்கு அரை ஸ்பூன் தேன் உண்மையிலேயே இதமாக இருக்கும். ஆனால் ஒரு வயதுக்குள் தேன் தொட்டும் வைக்கக் கூடாது, பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் வரும் ஆபத்து உண்டு. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் காதுக்கு வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் அது உள்ளே இறங்கும். குளிப்பாட்டியபின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது, சாம்பிராணிப் புகை, கற்பூரத்தைத் துணியில் முடிந்து மோக்க விடுவது மூன்றும் வேண்டாம். கற்பூரம் சின்னக் குழந்தைக்கு வலிப்பையே வரவழைக்கும். கொதிக்கும் தண்ணீரில் ஆவி பிடிக்க வைத்து வெந்துபோய் வரும் பிள்ளைகளும் உண்டு.

இருமல் சிரப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சிரப் குடித்த சின்னஞ்சிறு பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதையடுத்து மத்திய சுகாதாரத் துறை, 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. நச்சு கலக்காத நல்ல சிரப்புக்கும் இந்த வயதில் பெரிய பலன் கிடையாது. மெடிக்கலில் கேட்டு வாங்கிவரும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

படி 6: காது ஒழுக ஆரம்பித்தால்

அழுதுகொண்டிருந்த குழந்தை சட்டென்று அமைதியாகித் தூங்கும், காலையில் தலையணையில் மஞ்சளாகக் கறை இருக்கும். செவிப்பறையில் சின்ன ஓட்டை விழுந்து சீழ் வெளியேறியிருக்கிறது. பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும், ஆனாலும் டாக்டர் பார்க்க வேண்டும்.

நீர் நன்றாக உறிஞ்சும் சுத்தமான பருத்தித் துணியைச் சின்னதாகக் கிழித்து, விரல்களுக்கு நடுவே உருட்டித் திரியாக்குங்கள். அதன் முனையைக் காதின் வாயில் வைத்து, நனைந்ததும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதுத் திரி வையுங்கள். திரி காய்ந்தபடி வரும்வரை இப்படியே. ஒரு நாளைக்கு மூன்று முறையாவது செய்ய வேண்டும். குச்சி, பட்ஸ், கொண்டை ஊசி எதுவும் உள்ளே போகக் கூடாது, குளிக்கும்போது தண்ணீரும் போகக் கூடாது. 14 நாளுக்கு மேல் ஒழுகினால் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போங்கள்.

படி 7: டாக்டரிடம்

எல்லாக் காது வலிக்கும் ஆண்டிபயாடிக் தேவைப்படாது. 6 மாதத்துக்குட்பட்ட குழந்தை, அதிகக் காய்ச்சல், கடும் வலி, காது ஒழுகல், 2 வயதுக்குள் இரண்டு காதிலும் நோய் என்றால் பெரும்பாலும் உடனே தொடங்குவார்கள். மற்றவர்களுக்கு வலி மருந்து மட்டும் கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னால், கவனிக்காமல் அனுப்பிவிட்டார் என்று வேறு டாக்டரைத் தேடி ஓடாதீர்கள். அது முறையான வைத்தியம். எழுதிக் கொடுத்தால் வழக்கமாக முதலில் அமாக்சிசிலின். முன்பு ஏதாவது மருந்துக்கு உடம்பில் தடிப்பு வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். மூன்றாம் நாளே அழுகை நின்றாலும் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

வரும் முன் காக்க, 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகப் போடும் நிமோகாக்கல் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை இருந்தால் காது நோய் திரும்பத் திரும்ப வரும்.

வலி போன பிறகும் நடுக்காதில் நீர் சில வாரங்கள் தங்கலாம். அந்த நாட்களில் பிள்ளை கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பதையும், டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பதையும் அடம் என்று எண்ணித் திட்டாதீர்கள். மூன்று மாதம் ஆகியும் அப்படியே இருந்தாலோ, பேச்சு வருவது தாமதமானாலோ காது கேட்கும் திறன் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள்.