பணியிட ஆன்மிகம்: வினாத்தாளிலேயே தோற்றுப்போகும் ஆய்வுகள்

மேலாண்மைத் துறையில் பணியிட ஆன்மிகத்தை, அதாவது வேலையில் பொருளும் பிறரோடு பிணைப்பும் உணர்வதை, எடுத்து எழுதப்படும் ஆய்வேடுகளில் ஊர் மாறும், ஆட்கள் மாறுவார்கள். ஐடி ஊழியர் போய்ச் செவிலியர் வருவார், செவிலியர் போய் வங்கி ஊழியர் வருவார். தவறுகள் மட்டும் இடம்பெயர்வதே இல்லை. மாதிரி அளவு போதாது, ஆல்ஃபா மதிப்பில் (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) தட்டச்சுப் பிழை என்பவற்றையெல்லாம் ஆய்வு வழிகாட்டியான கைடே பிடித்துவிடுவார். கைடின் கண்ணுக்கும் தப்புகிறவை இவை.

ஒரே கேள்வியை இரண்டு பெயரில் கேட்பது

ஆஷ்மோஸ், டுஷான் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000இல், பணியிட ஆன்மிகத்தை அளக்கும் கூற்றுகளைத் தொகுத்து ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். பெரும்பாலும் அதை ஒட்டியே மில்லிமன் குழு 2003இல் மூன்று பரிமாணங்களை அளந்தது: பொருளுள்ள வேலை, சக ஊழியரோடு உறவுணர்வு, நிறுவன விழுமியங்களோடு ஒத்துப்போதல். புதியவர்கள் கைவைப்பது அநேகமாக இந்த மூன்றில்தான். அதில் ஒரு கூற்று, 'என் வேலையில் ஆனந்தம் அடைகிறேன்.' ஆன்மிகத்தால் வரும் விளைவாக அவர்கள் அளக்க எடுப்பது பணித்திருப்தி. 1951இல் வந்த பிரேஃபீல்ட்–ரோத் திருப்தி அளவுகோலைத் திறந்தால் அங்கே ஒரு கூற்று, 'என் வேலையில் உண்மையான மகிழ்ச்சி காண்கிறேன்.'

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

நிறுவனப் பற்றுக்குப் போனாலும் இதே கதைதான். மௌடே குழுவின் 1979 வினாத்தாளில், 'என் விழுமியங்களும் நிறுவனத்தின் விழுமியங்களும் மிக ஒத்திருக்கின்றன' என்று ஒரு கூற்று உண்டு. ஆன்மிகத்தின் மூன்றாவது பரிமாணம் அளப்பதும் அதையேதான். இவ்வளவையும் ஒரே கூகுள் ஃபார்மில், ஒரே ஆளிடம், ஒரே பத்து நிமிடத்தில் கேட்டால் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் அளவு; 1 என்றால் முழுமை) 0.7 வராமல் வேறென்ன வரும்? 'ஆன்மிகம் பணித்திருப்தியை உயர்த்துகிறது' என்று முடிவுரை எழுதி, நிறுவனங்களுக்குத் தியான அறை கட்டச் சொல்லிப் பரிந்துரையும் சேர்த்துவிடுகிறார்கள். அந்த வினாத்தாளில் தியானத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இருந்திருக்காது. உடல்நலத் துறையில் இதே வட்டச் சுற்றலை ஆய்வாளர் கோனிக் 2008இலேயே கண்டித்தார்: மன அமைதியை ஆன்மிகத்தின் கூறாக அளந்துவிட்டு, ஆன்மிகம் மனநலம் தருகிறது என்று சொல்வதில் என்ன இருக்கிறது?

மற்ற பிழைகளைப் பகுப்பாய்வில் ஓரளவு சரிக்கட்டலாம். நானூறு படிவம் கைக்கு வந்தபின் இதைச் சரிசெய்ய எந்த மென்பொருளும் இல்லை. ஓராண்டு உழைப்பு போனது போனதுதான். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்டவர் நீட்டுவது ஹார்மன் ஒற்றைக் காரணிச் சோதனையை: எல்லாப் பதில்களின் வேறுபாட்டில் எவ்வளவை ஒரே காரணி விளக்குகிறது என்று பார்ப்பது அது. 'முதல் காரணி 50 சதவீதத்துக்குக் கீழே இருப்பதால் சிக்கல் இல்லை.' ஆய்வேடுகளில் இதைவிட எரிச்சலூட்டும் வரி கிடையாது. ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் கேட்பதால் வரும் சாய்வு கணிசமாக இருக்கும்போதே அந்தச் சோதனை தேறிவிடும். கூற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதைப் பற்றியோ அது பேசுவதே இல்லை.

களத்துக்குப் போகும் முன்பே செய்யவேண்டிய வேலை இது. எல்லாக் கூற்றுகளையும் தனித்தனிச் சீட்டில் அச்சிடுங்கள். அளவுகோலின் பெயர் வேண்டாம். சீட்டுகளைக் குலுக்கி, ஆய்வோடு தொடர்பில்லாத ஐந்தாறு பேரிடம் கொடுத்து, ஒத்தவற்றைக் குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அரைமணி நேரம் போதும். திருப்திச் சீட்டு ஆன்மிகக் குவியலில் விழுந்தால் அந்தக் கூற்றை எடுங்கள், அல்லது விளைவையே மாற்றுங்கள். விடுப்பு நாட்கள், ஓராண்டுக்குள் வேலையை விட்டவர்கள், மேலாளர் தரும் மதிப்பெண் ஆகியவை அந்த ஊழியரின் அன்றைய மனநிலையிலிருந்து வருவதில்லை. ஒட்டுறவு சரியும், மிஞ்சுவதுதான் கண்டுபிடிப்பு. ஆன்மிகம், விளைவு இரண்டையும் ஒருவரிடமே கேட்டாக வேண்டுமென்றால் மூன்று நான்கு வாரம் இடைவெளி விடுங்கள். பெயருக்குப் பதில், தாயார் பெயரின் முதலெழுத்தோடு பிறந்த தேதியைச் சேர்த்த குறியீடு வாங்கினால் இரண்டு சுற்றையும் பொருத்தலாம். இரண்டாம் சுற்றில் ஆட்கள் குறைவார்கள் என்பதால் முதல் சுற்றிலேயே கூடுதலாகச் சேருங்கள்.

'ஸ்பிரிட்' என்றால் ஆவியா?

ஆங்கிலக் கூற்றில் வரும் 'ஸ்பிரிட்'டை அப்படியே, 'என் ஆவி வேலையால் உற்சாகம் பெறுகிறது' என்று மொழிபெயர்த்தால் கிறிஸ்தவருக்கு வேதாகமம் நினைவுக்கு வரும், மற்றவருக்குப் பேயோ இட்லிப் பானையோ. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்த்தால் 'ஸ்பிரிட்' பத்திரமாகத் திரும்பி வந்து முழு மதிப்பெண் வாங்கிவிடும். எட்டுப் பத்துப் பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு கூற்றையும் அவர்கள் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்வதே உருப்படியான சோதனை. 'இந்த வேலையில் இறங்கினால் உள்ளுக்குள் ஒரு தெம்பு வருகிறது' என்பதை யாரும் தப்பாகப் படிக்கமாட்டார்கள்.

'ஆன்மிகம்' என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. மிட்ராஃப், டென்டன் என்ற ஆய்வாளர்கள் தங்கள் 1999 நூலுக்காகப் பேட்டி கண்ட அமெரிக்க மேலாளர்களில் பெரும்பாலோர் ஆன்மிகத்தையும் மதத்தையும் பிரித்துப் பார்த்தார்கள். நம் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்திலோ கோயில், விரதம், பரிகாரம். அந்தச் சொல்லைப் போட்டுவிட்டு 'மதம் சாராத அளவுகோல்' என்று எழுதக்கூடாது.

வாரம் எத்தனை முறை?

'வாரம் எத்தனை முறை சர்ச்சுக்குப் போகிறீர்கள்?' என்பது ஞாயிறு ஆராதனையை வைத்து வந்த கேள்வி. 'சர்ச்'சை எடுத்துவிட்டுக் 'கோயில்' போட்டால் சரியாகிவிடாது. இந்துக்களுக்கு வாராந்தரக் கட்டாயக் கூட்டு வழிபாடு இல்லை. முஸ்லிம் ஆண்களுக்கு வெள்ளித் தொழுகை கடமை. ஒரே எண் மூன்று பேரிடம் மூன்று பொருள் தரும்.

ஒரு நிறுவனம், 300 பேர்

ஒரே நிறுவனத்தில் 300 பேரிடம் கேட்டுவிட்டு 'நிறுவனத்தின் ஆன்மிகச் சூழல்' என்று எழுதினால் உங்கள் மாதிரி 300 இல்லை, 1. சூழல் நிறுவனத்துக்கு ஒன்றுதான்.

எச்.ஆர். அனுமதியைச் சம்மதமாக எண்ணுவது

எச்.ஆர். என்னும் மனிதவளத் துறை ஆய்வுக்கு அனுமதித்தால் ஊழியர் சம்மதித்ததாக ஆகாது. எச்.ஆர். மின்னஞ்சலில் போகும் இணைப்பில் யாரும் தன் வழிபாட்டைப் பற்றி உண்மை எழுதமாட்டார்.

மறுக்க முடிந்ததா என்று கேட்காமல் விடுவது

பணியிட ஆன்மிகம் கட்டுப்பாட்டுக் கருவியாகவும் மாறும் என்று லிப்ஸ்-வியர்ஸ்மா குழு 2009இல் எழுதியதைப் பலர் ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 2018இல் நியூயார்க்கில், 'ஆனியன்ஹெட்' என்ற நம்பிக்கை முறையை ஊழியர்மேல் திணித்த நிறுவனம் 51 லட்சம் டாலர் தரவேண்டும் என்று ஜூரி தீர்ப்பளித்தது. காலைத் தியானத்துக்கு வந்தவர் எத்தனை பேர் என்று கேட்கும் வினாத்தாளில், வராதவருக்கு என்ன ஆனது என்றும் ஒரு கேள்வி சேருங்கள்.