ஸ்பானிய உரையின் வாசிப்பு எளிமையை அளவிடும் முறை

நோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் ஸ்பானிய அறிவுறுத்தல் தாள் படிக்க எளிதாக இருக்கிறதா என்று கணக்கிட முனைவோர், ஆங்கிலத்துக்காக 1948இல் ருடால்ஃப் ஃபிளெஷ் வெளியிட்ட சூத்திரத்தை அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஸ்பானியச் சொற்கள் இயல்பாகவே அதிக அசைகள் கொண்டவை. எனவே, சொற்களின் அசைகளைக் கொண்டு கடினத்தை அளக்கும் அச்சூத்திரம் எளிய உரையையும் கடினமென்று காட்டிவிடும். ஸ்பானியத்துக்கென 1993இல் பிரான்சிஸ்கோ சிக்ரிஸ்ட் பாசோஸ் வெளியிட்ட சூத்திரமே இதற்கு ஏற்றது.

முதலில் உரையின் சொற்களையும் வாக்கியங்களையும் அசைகளையும் எண்ணிக்கொள்ள வேண்டும். இங்கே அசை என்பது யாப்பில் வரும் அசையன்று. ஓர் உயிரொலியைச் சுற்றி அமையும் ஒலித்துண்டு. பிழைகள் மிகுதியாக நேர்வது இதை எண்ணும்போதுதான். இகரமோ உகரமோ அழுத்தக்குறியின்றி வேறோர் உயிரை ஒட்டி வந்தால் இரண்டும் ஓரசையாகும். குறி பெற்றால் பிரிந்துவிடும். மருந்தகத்தைக் குறிக்கும் ‘ஃபர்மாசியா’ மூன்று அசைகளாகவும், அறுவை சிகிச்சையைக் குறிக்கும் ‘சிருஹீயா’ நான்கு அசைகளாகவும் அமைவது இதனால்தான். சுருக்கக் குறியீடுகளில் வரும் புள்ளியை வாக்கிய முடிவாகக் கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

பின்னர், ஒரு சொல்லுக்கான சராசரி அசைகளை 62.3ஆல் பெருக்கி, அந்தத் தொகையையும் ஒரு வாக்கியத்துக்கான சராசரிச் சொற்களையும் 206.835இலிருந்து கழிக்க வேண்டும். கிடைக்கும் மதிப்பெண் உயர உயர உரை எளிது.

‘தோமே உனா பாஸ்தீயா காதா ஓச்சோ ஓராஸ் கோன் உன் வாசோ தே ஆக்வா’, அதாவது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மாத்திரையை ஒரு குவளைத் தண்ணீருடன் உட்கொள்ளுங்கள் என்னும் வாக்கியத்தில் 11 சொற்களும் 20 அசைகளும் உள்ளன. அதன் மதிப்பெண் ஏறத்தாழ 82.6. ஃபிளெஷ் சூத்திரத்தில் இதே வாக்கியம் ஏறத்தாழ 42 பெற்றுக் கடினமானதாகிவிடும். உண்மையான மதிப்பீட்டுக்கு ஒற்றை வாக்கியம் போதாது. தாள் முழுவதையும் எண்ணுவதே நல்லது.

கிடைத்த எண்ணை, ஸ்பானிய உரைகளுக்கான இன்ஃபிளெஸ் அளவுகோலில் பொருத்திப் பார்க்கலாம்: 80க்கு மேல் மிக எளிது, 65 முதல் 80 வரை ஓரளவு எளிது, 55 முதல் 65 வரை இயல்பு, 40 முதல் 55 வரை சற்றுக் கடினம், 40க்குக் கீழ் மிகக் கடினம். நோயாளிகளுக்கான தாள் 55க்குக் கீழ் இறங்கினால் அதைத் திருத்தி எழுதியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஃபெர்னாண்டெஸ் உயெர்த்தா 1959இல் தந்த பழைய சூத்திரமும் புழக்கத்தில் உள்ளது. நூறு சொற்களில் உள்ள வாக்கியங்களின் எண்ணிக்கையைக் கழிக்குமாறு அது பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. அவ்வாறு செய்தால் வாக்கியங்களைச் சிறிதாக்கச் சிறிதாக்க மதிப்பெண் குறையும். கழிக்க வேண்டியது வாக்கியத்தின் சராசரி நீளத்தையே.

எந்தச் சூத்திரமும் சொல்லின் பழக்கத்தை அறியாது. காலை உணவைக் குறிக்கும் ‘தெசாயூனோ’ நான்கு அசை கொண்டது. ‘செப்சிஸ்’ என்னும் மருத்துவச் சொல்லுக்கு இரண்டே அசை. ஆகவே, மதிப்பெண் உயர்ந்த தாளையும் சில நோயாளிகளிடம் கொடுத்து, படித்ததைத் தங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லும்படி கேட்க வேண்டும்.