“அது எந்தப் பத்தியில கிடக்கு?” – திருச்சபை வரலாறு படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் சனிக்கிழமைகளில் மறையாசிரியர்களுக்குத் தொடக்கத் திருச்சபை வரலாறு படிப்பிக்கிறேன். போன கிழமை ஒரு பிள்ளை போனைத் தூக்கிக் காட்டினாள். “சேர், பவுலுக்கு மனுசி இருந்ததாம். இஞ்ஞாசியாரே எழுதியிருக்கிறார்!” எனக்குப் பகீரென்றது. பத்து வருடத்துக்கு முன் இதே வரியில் விழுந்து எழும்பினவன் நான்.

பக்க எண் போடாதது, விக்கிப்பீடியாவை அப்படியே கொப்பி பண்ணுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விடுகிறேன்.

இரண்டு பத்தியில் ஒன்றை மட்டும் வாசிப்பது

வன்னியில் புத்தகம் சேர்த்து வைத்திருந்தவர்கள் இடம்பெயர்வில் அதையெல்லாம் விட்டுவிட்டு ஓடினவர்கள். இன்று எங்களுக்கு நூலகம் என்றால் போன்தான். திருச்சபைத் தந்தையரின், அதாவது தொடக்க நூற்றாண்டுகளின் கிறிஸ்தவ ஆசிரியர்களின், எழுத்துகள் ஆங்கிலத்தில் 38 தொகுதிகளாக இலவசமாக இறங்கும். இலவசம் ஏன்? எல்லாம் 19ஆம் நூற்றாண்டுப் பதிப்பு, காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது.

அதன் முதல் தொகுதியில் அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியாரின் ஏழு கடிதங்கள் இருக்கின்றன. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உரோமையில் விலங்குகளுக்கு இரையாகப் போகிற வழியில் எழுதியவை. பக்கத்தை நெடுக இரண்டு பத்தியாக (column) பிரித்து, ஒரு பத்தியில் குறுகிய வடிவமும் மற்றதில் நீண்ட வடிவமும் அச்சடித்திருப்பார்கள். நீண்டது, நான்காம் நூற்றாண்டில் யாரோ இடைச்செருகல் செய்து ஊதிப் பெருப்பித்தது. அயர்லாந்தின் ஆர்மா பேராயர் ஜேம்ஸ் அஷர் 1644இலேயே இதைப் பிடித்துவிட்டார். பிலதெல்பியருக்கு எழுதிய கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தில், குறுகிய வடிவம் ஒரே நற்கருணை, ஒரே பலிபீடம், ஒரே ஆயர் என்று சில வரிகளில் முடிந்துவிடும். பேதுருவும் பவுலும் மணமானவர்கள் என்பது நீண்டதில் மட்டும்தான் வரும்.

நான் அதைத் திருமண ஆயத்த வகுப்புக் கையேட்டில் போட்டு, வவுனியாவில் 150 பிரதி அடித்தும் விட்டேன். வகுப்பு முடிய முதிய குரு ஒருவர் கிட்ட வந்து, “தம்பி, அது எந்தப் பத்தியில கிடக்கு?” என்று மட்டும் கேட்டார். பத்தி இரண்டு என்பதே எனக்குத் தெரியாது. என் கையில் இருந்தது, யாரோ பக்கத்தின் ஒரு பாதியை மட்டும் எடுத்த போட்டோக் கொப்பி. பிறகென்ன, இரண்டு இரவு பசைப் போத்தலும் கையுமாக இருந்து 150 கையேட்டிலும் அந்த வரிக்கு மேல் வெள்ளைத்தாள் ஒட்டினோம். மாரி காலம், பசை காயவில்லை. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, திருமண வாக்குறுதி இருந்த பக்கமே திறக்கவில்லை.

அதைவிட எரிச்சலான ஒன்று இருக்கிறது. இஞ்ஞாசியார் கன்னி மரியாவுக்கு எழுதியதாக ஒரு கடிதமும், மரியாவின் பதிலும் அதே தொகுதியில் உண்டு. போலி என்று பதிப்பாளர்களே சொல்லித்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் போனில் தேடுகிறவர் நேரே கடிதத்தில் போய் இறங்குகிறார், முன்னுரை கண்ணில் படுவதில்லை. மடு மாதா திருவிழா நேரம் அது வாட்ஸ்அப்பில் கிளம்பினால் யார் நிறுத்துவது? எந்தக் கடிதத்தைத் திறந்தாலும் முதலில் மேலே போய் முன்னுரையை வாசியுங்கள்.

ஞானவாதத்துக்குப் பழைய கலைக்களஞ்சியம்

இலவசமாகக் கிடைக்கும் கத்தோலிக்கக் கலைக்களஞ்சியம் 1907 முதல் 1912 வரை வெளிவந்தது. ஞானவாதிகள் என்றால், மறைவான அறிவால்தான் மீட்பு என்று சொன்ன பழைய குழுக்கள். அவர்களின் சொந்த எழுத்துகள் அடங்கிய நாக் ஹம்மாதிச் சுவடிகள் எகிப்தில் கிடைத்ததோ 1945இல். அதற்கு முன் ஞானவாதிகளைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி, அவர்களைத் திட்டினவர்கள் எழுதிவைத்தது. ஆயர்களின் பெயர், ஆண்டு பார்க்க நானும் அதைத்தான் புரட்டுகிறேன். ஞானவாதத்துக்கு வேண்டாம்.

ஊர் இல்லாத பெயர்

செசாரியா யூசேபியஸ் வேறு, நிக்கொமேதியா யூசேபியஸ் வேறு. இருவருமே ஆயர்கள், இருவருமே 325இல் ஆயர்கள் கூடிய நீசேயாச் சங்கத்தில் இருந்தவர்கள். ஊரைப் போடாவிட்டால் யார் என்றே தெரியாது.

திருப்பாடல் எண்

பழைய கத்தோலிக்க நூல்கள் கிரேக்க, இலத்தீன் எண் முறையில் போகும். அதில் திருப்பாடல் 22 என்றால், எங்கள் விவிலியத்தில் 23.

‘இலங்கை’ என்று மட்டும் தேடுவது

“இலங்கையைப் பற்றி ஒண்டும் இல்லை, சேர்” என்பார்கள். சிலோன் என்றும், கிரேக்கர் இந்தத் தீவுக்கு வைத்த பெயரான தப்ரபேன் (Taprobane) என்றும் தேடிப் பாருங்கள், கொஸ்மாஸ் என்ற வணிகர் வருவார். ஆறாம் நூற்றாண்டுக்காரர். இந்தத் தீவில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் ஆலயமும், பாரசீகத்தில் நியமனம் பெற்ற குருவும் இருந்ததாக எழுதியவர். அனுராதபுரத்தில் 1912இல் கண்டெடுத்த, கல்லில் செதுக்கிய சிலுவையை அவரோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். யாழ்தேவியில் ஏறினால் வவுனியா தாண்டி வருகிற ஊர். அதைத்தான் ‘ஒன்றும் இல்லை’ என்று ஒப்படையில் எழுதித் தருகிறார்கள்.