மியாட்டாவ இறக்கும்போது காயில்ஓவர் ஹைட் செட் பண்றது எப்படி

மாஸ்டா மியாட்டா கார காயில்ஓவர் (ஷாக் அப்சார்பர சுத்தி ஸ்பிரிங் இருக்குற, ஹைட் மாத்தக்கூடிய செட்) வச்சு தரைக்குக் கிட்ட இறக்குறதுக்கு முன்னாடி டேப் எடுத்து வீல் நடுவுல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் அளந்து எழுதி வச்சுக்கோங்க, தரையில இருந்து அளந்தா டயர்ல காத்து கொஞ்சம் கூட கொறைய இருந்தாலே கணக்கு மாறிடும்.

கீழ் பிராக்கெட் தனியா திருகுற மாடலா இருந்தா, ஸ்பிரிங்க டைட் பண்ணி லூஸ் பண்ணி ஹைட் மாத்தாதீங்க, அது ப்ரீலோடு, அதாவது ஸ்பிரிங்க முன்கூட்டியே அழுத்தி வைக்கிற அளவு. கையால ஆட்டுனா ஸ்பிரிங் ஆடாம உக்காந்திருந்தா போதும். ஹைட் மாத்த அடி லாக் ரிங்க சி ஸ்பேனர் போட்டு லூஸ் பண்ணி, ஷாக் பாடிய பிராக்கெட்டுக்குள்ள திருகுனா கார் இறங்கும். ஆனா மொதல்ல கம்பி பிரஷ்ஷால மரைய சுத்தம் பண்ணுங்க, நான் சோம்பேறித்தனத்துல அப்படியே திருகி மண்ணு மாட்டிக்கிச்சு, ஒரே ஒரு ரிங்குக்கு அரை நாள் போச்சு!

ஜாக்ல இருந்து இறக்குன உடனே அளக்காதீங்க, சஸ்பென்ஷன் உக்காராம தூக்கிட்டு நிக்கும், ஒரு ரவுண்டு மெதுவா ஓட்டிட்டு வந்து அளங்க. சஸ்பென்ஷன் ஆர்ம்ல இருக்குற ரப்பர் புஷ்ஷோட போல்ட்டையும் வண்டி வெயிட் வீல் மேல இருக்கும்போதுதான் கடைசியா டைட் பண்ணணும், தொங்கும்போது பண்ணா ரப்பர் முறுக்கிக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழிஞ்சிடும், பலரும் கோட்ட விடுறது இங்கதான். ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு டயர் எங்கயாவது ஒரசுதான்னு பாத்துட்டு அலைன்மென்ட்டுக்கு விடுங்க.