புயல் பருவத்துக்கு முன் கடலோர வீட்டைத் தயார் செய்தல்

தமிழகக் கடற்கரையைப் புயல்கள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் தாக்குகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையிலும், 2018 நவம்பர் 16 அதிகாலையில் 'கஜா' நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையிலும் கரையைக் கடந்தன. எச்சரிக்கை வந்த பிறகு தச்சரோ கொத்தனாரோ கிடைப்பது அரிது என்பதால், கூரை வேலைகளைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுவது நல்லது.

செலவழிக்கப் பணம் குறைவாக இருந்தால் அதை முழுவதும் கூரைக்கே ஒதுக்கலாம். புயல்காற்று கூரையை மேலிருந்து அழுத்தி உடைப்பதைவிட, இறவாணத்தின் அடியில் புகுந்து அதைத் தூக்கி எறிவதே அதிகம். ஆகவே தகரக் கூரையின் ஓரங்களிலும் முகட்டிலும் ஜே போல்ட்டுகளை நெருக்கமாகப் போட வேண்டும். உப்புக்காற்றில் போல்ட்டுக்கு முன்பே தகரம் துருவேறி, துளையின் வாய் அகன்றுவிடுவதுண்டு. அத்தகைய இடத்தில் நட்டை எவ்வளவு முடுக்கினாலும் பிடிமானம் இராது, பக்கத்தில் நல்ல தகரத்தில் புதுத் துளையிட்டுப் பழைய துளையை அடைக்க வேண்டும். ஓட்டு வீட்டில் ஓர வரிசை ஓடுகளைக் கலவை வைத்துப் பூசுவதோடு, கைமரங்களைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். கீற்று வீட்டுக்குப் பழைய மீன்வலையே நல்ல காப்பு: கூரை முழுவதும் போர்த்தி, கயிறுகளைத் தரையில் ஆழமாக அடித்த முளைகளில் கட்டலாம்.

கயிற்றை எல்லாப் பக்கமும் கட்ட வேண்டும். நம் கரையை நோக்கி மேற்காக நகரும் புயலின் மையம் ஊரின் மீது கடந்தால், முதலில் வடக்கிலிருந்து வீசும் காற்று, மையம் கடக்கையில் ஓய்ந்து, பின்னர் தெற்கிலிருந்து அதே வேகத்தில் வீசும். அந்த ஓய்வை நம்பிக் கூரை ஏறிச் சரிசெய்ய முயல்வது உயிருக்கே ஆபத்து.

வீட்டின் மீது சாயக்கூடிய தென்னைகளில் காய்ந்த மட்டைகளையும் முற்றிய குலைகளையும் முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும். கண்ணாடிச் சன்னல்களில் காகித நாடா ஒட்டுவதால் பயனில்லை. அளவெடுத்து வெட்டிய பிளைவுட் பலகைகளைத் துளையிட்டு, எந்தச் சன்னலுக்கு எது என்று எழுதி வைத்தால், எச்சரிக்கை வந்தவுடன் விரைவில் பொருத்திவிடலாம். மாடியில் உள்ள சின்டெக்ஸ் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். காலித் தொட்டியைக் காற்று எளிதில் உருட்டிவிடும், மேலும் மின்சாரம் இல்லாதபோது மோட்டார் ஓடாது. 'கஜா'வுக்குப் பின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்ததை நினைத்தால், குடிநீர், மருந்து, மண்ணெண்ணெய் விளக்கு ஆகியவற்றை இரண்டு மூன்று நாட்களுக்கு மட்டும் சேமிப்பது போதாது என்பது விளங்கும்.

பட்டா, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரே நெகிழிப் பையில் கட்டி வைக்க வேண்டும். தாழ்வான கரையில், குறிப்பாகக் கீற்று வீட்டில் வசிப்போர், வீடு எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும், அதிகாரிகள் சொன்னவுடன், இருட்டுவதற்கு முன்பே, பாதுகாப்பு மையத்துக்குச் சென்றுவிட வேண்டும். காற்றைத் தாங்கும் சுவர் கடல்நீரையும் தாங்கும் என்று கொள்ள முடியாது. புறப்படுகையில் மெயின் சுவிட்சையும் எரிவாயு உருளையின் வால்வையும் மூடிவிட்டு, கட்டியிருக்கும் ஆடுமாடுகளை அவிழ்த்துவிட வேண்டும். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில அளவில் 1070; இரண்டையும் கைப்பேசியில் மட்டுமன்றித் தாளிலும் எழுதி அந்தப் பையிலேயே வைக்கலாம்.