பழைய செபநூல் எந்த ஊர் வழக்கத்தைச் சேர்ந்தது? கண்டுபிடிக்கும் முறை

15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வசதியுள்ள பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்கள்) கையில் இருந்த செபநூல் ‘புக் ஆஃப் அவர்ஸ்’. அன்னை மரியாவுக்கான எட்டு வேளைச் செபங்கள்தான் அதில் முக்கியம். அவற்றை ஒவ்வொரு மறைமாவட்டமும் (ஓர் ஆயரின் கீழ் உள்ள பகுதி) தன் வழக்கப்படி கொஞ்சம் மாற்றிச் சொன்னது. அந்த மாற்றத்தைத்தான் தேட வேண்டும். படத்தை வைத்து ஊரை முடிவு செய்யக் கூடாது. இன்றைய பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்தில் எழுதி, படம் வரைந்து, இங்கிலாந்தில் விற்ற நூல்கள் ஏராளம்.

அந்த எட்டில் பிரைம் (காலை), நோன் (பிற்பகல்) என்ற இரண்டு வேளைகளைப் பாருங்கள். படங்கள் இங்கே வழிகாட்டும்: பெரும்பாலும் பிரைமுக்கு இயேசுவின் பிறப்பு, நோனுக்குக் குழந்தையைக் கோவிலில் காணிக்கையாக்குவது. திருப்பாடல்கள் (சங்கீதங்கள்) முடிந்ததும் வரும் முன்மொழியையும் (திருப்பாடலோடு சேர்த்துச் சொல்லும் சிறு வரி), அடுத்து வரும் சிறு வாசகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்மொழி திருப்பாடல்களுக்கு முன்பும் வரும், ஆனால் அங்கே பெரும்பாலும் முதல் சில சொற்களே இருக்கும். படத்துக்காக முதல் தாளை யாராவது வெட்டி எடுத்திருந்தாலும் பின்னால் உள்ளது தப்பியிருக்கும்.

அவற்றின் முதல் லத்தீன் சொற்களை ஒப்பிடுங்கள்; கீழே ஒவ்வொரு வேளைக்கும் முதலில் முன்மொழி, அடுத்து வாசகம். பிரைமில் ‘பெனெதிக்தா தூ’, ‘ஃபெலிக்ஸ் நாம்க்வே’, நோனில் ‘சிகூத் லிலியும்’, ‘பெர் தே தேயி’ என்று வந்தால் பாரிஸ் வழக்கம். பிரைமில் ‘அஸ்ஸூம்ப்தா எஸ்த்’, ‘க்வே எஸ்த் இஸ்தா’, நோனில் ‘புல்க்ரா எஸ்’, ‘இன் ப்ளாதேயிஸ்’ என்றால் ரோம். பிரைமில் ‘ஓ அட்மிராபிலே’, ‘இன் ஓம்னிபுஸ் ரெக்வியெம்’, நோனில் ‘ஜெர்மினாவித்’, ‘எத் ராதிகாவி’ என்றால் இங்கிலாந்தின் சேரம் (சால்ஸ்பரி) வழக்கம். நான்கும் ஒத்துவர வேண்டும், ஒன்று மட்டும் போதாது. ரோம் என்று வந்தால் அவசரப்படாதீர்கள். அந்த வழக்கம் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தது.

அதனால் நூலில் உள்ள புனிதர் விழா நாள்காட்டியையும் சேர்த்துப் பாருங்கள். சிவப்பிலோ பொன்னிலோ எழுதிய விழாக்களில் ஜனவரி 3 புனித ஜெனவீவ், அக்டோபர் 9 புனித தெனி இருவரும் இருந்தால் பாரிஸ் பக்கம் சாயலாம். டிசம்பர் 29-இல் கேன்டர்பரி பேராயராக இருந்து கொல்லப்பட்ட புனித தாமஸ் பெக்கட் பெயர் சுரண்டப்பட்டிருந்தால், அவர் பெயரை நூல்களிலிருந்து நீக்கும்படி 1538-இல் மன்னர் எட்டாம் ஹென்றி இட்ட ஆணையின்போது நூல் இங்கிலாந்தில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். நாள்காட்டி தனிக் கட்டாகத் தைக்கப்படுவதால் வேறு நூலிலிருந்து வந்து சேர்ந்ததாகவும் இருக்கலாம். எழுத்தும் வரி எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பது அவசியம்.

உரிமையாளர் ஆணா பெண்ணா என்பதற்கு மரியாவிடம் வேண்டும் ‘ஒப்செக்ரோ தே’ என்ற லத்தீன் செபம் உதவும். ‘ஃபாமுலே தூவே’ (உன் அடியாளுக்கு) என்ற பெண்பால் வடிவம் நல்ல சான்று. ‘ஃபாமுலோ தூவோ’ என்ற ஆண்பால் வடிவத்தை எழுத்தர்கள் வழக்கமாகவே எழுதினார்கள், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.