மோரிஸ் மைனர் டேஷ்போர்டில் எல்இடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிடத்துக்குள் இந்தக் குறை வந்துவிடும்: ராத்திரியில் ஸ்பீடோமீட்டர் தெரிவதில்லை. டேஷ்போர்டின் நடுவில் பெரிய வட்டமாக உட்கார்ந்திருக்கும் அந்த மீட்டருக்குள் எரிவது லூகாஸ் 987 என்ற சுண்டுவிரல் நுனி அளவுத் திருகு பல்பு. 12 வோல்ட், 2.2 வாட். வண்டி புதிதாக இருந்தபோதே அது அகல் விளக்கு வெளிச்சம்தான். அதே அளவில் எல்இடி கிடைக்கிறது, வாங்கித் திருகினால் வேலை முடிந்தது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நான் செய்த முதல் தவறு, பழைய பல்பு ஏன் மங்கலாக எரிகிறது என்று பார்க்காமலே அதைக் கழற்றியது. இழை பல்புக்கு வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் நிறையக் குறையும். 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 10 வந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதி. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரை ஹோல்டரில் வைத்துப் பாருங்கள். என் வண்டியில் பேட்டரியில் 12.5 இருந்தது, ஹோல்டரில் 9.8. மீதியைத் தின்றது துரு. ஹோல்டரின் தகரம் மீட்டர் கூட்டில் செருகி நிற்கும் இடம்தான் அந்தப் பல்புக்கு எர்த், அதாவது மின்சாரம் பாடி வழியாகத் திரும்பும் வழி. அங்கே காவி நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கூட்டின் உள்பக்கம் பழுப்பேறியிருந்த வெள்ளைப் பெயின்ட்டைப் புதிதாக அடித்ததும் பழைய பல்பிலேயே முள் தெரிந்தது. எல்இடிக்கு இருபது மில்லி ஆம்பியர் போதும் என்பதால் துருப்பிடித்த எர்த்திலும் அது சமர்த்தாக எரியும். கோளாறு இருப்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

அடுத்தது, மாட்டினேன், எரியவில்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்ற புகார். மைனர்களில் பெரும்பாலானவை பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். இன்றைய வண்டிக்கான எல்இடி மைனஸ் எர்த்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. தலைகீழாக வரும் மின்சாரத்தில் எரியாது. இரண்டு பக்கமும் வேலை செய்யும் எல்இடியைக் கேட்டு வாங்க வேண்டும். பல்புக்காகப் பேட்டரியைத் திருப்பி மாட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவுக்கு மறுபடி போலாரிட்டி (பிளஸ், மைனஸ் திசை) கொடுக்க வேண்டும், இக்னிஷன் காயிலின் இணைப்பை மாற்ற வேண்டும், பழைய ரேடியோ இருந்தால் அது புகைந்துவிடும்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, சார்ஜ் ஏறாவிட்டால் எச்சரிக்கும் சிவப்பு இக்னிஷன் விளக்கில்தான் நடக்கிறது. டயலுக்கு மாட்டிய கையோடு அதையும் மாற்றிவிடுகிறார்கள். டைனமோ இருக்கும் வண்டியில் பெரிய ஆபத்தில்லை. டைனமோ தன் காந்தத்திலேயே எழுந்துகொள்ளும். ஆனால் டைனமோவைக் கழற்றிவிட்டு அதே வேலையைச் செய்யும் நவீன ஆல்டர்னேட்டர் வைத்த மைனர்கள் இப்போது நிறைய. பெரும்பாலான ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும் முதல் மின்சாரம் அந்தச் சிவப்பு பல்பின் இழை வழியாகத்தான் போகிறது, கிட்டத்தட்ட 180 மில்லி ஆம்பியர். எல்இடி விடுவது அதில் பத்தில் ஒரு பங்கு. ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதிக்கும்வரை சார்ஜ் ஆகாது, சிலதில் மிதித்தாலும் ஆகாது.

ஆல்டர்னேட்டர் வைத்த நண்பர் ஒருவர் எல்இடியைப் பிளஸ், மைனஸ் மாற்றியும் மாட்டிவிட்டார். சாவி போட்டால் விளக்கே வரவில்லை. சிவப்பு எரியாவிட்டால் எல்லாம் சரி என்றுதானே பழகியிருக்கிறோம்? திண்டிவனத்தில் இருட்டும்போது கிளம்பினார். ஹெட்லைட் மஞ்சளாகி, ஹாரன் தொண்டை கட்டி, மேல்மருவத்தூர் வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட்டு பேட்டரி போச்சு என்றார். பேட்டரியில் ஒரு குறையும் இல்லை, சார்ஜ்தான் ஏறவில்லை. சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் கிளம்பியதும் அணைகிறதா என்று பார்ப்பது இந்த விளக்குக்கான முதல் சோதனை. அதோடு இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை இருக்கிறதா என்று அளந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

அந்த இடத்தில் எல்இடிதான் வேண்டும் என்றால் அதற்குப் பக்கவாட்டாக (பேரலலாக) 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள். பல்பு எடுத்த மின்சாரத்தை அது எடுத்துக்கொள்ளும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். நான் அங்கே பழைய பல்பையே விட்டுவைத்திருக்கிறேன். வேறொரு காரணமும் உண்டு. சார்ஜ் கொஞ்சமாகக் குறையும்போது இழை பல்பு லேசாகக் கனன்று எச்சரிக்கும். பல எல்இடிகள் ஏழெட்டு வோல்ட் வித்தியாசம் வரும்வரை கண்ணே திறப்பதில்லை.

நிற விஷயத்தில் பலர் வழுக்குகிறார்கள். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி வைத்தால் ரோஸ் மில்க் நிறம்தான் வரும், ஏனென்றால் குளிர்வெள்ளை எல்இடியில் சிவப்பு குறைவு. சிவப்புக்குச் சிவப்பு, ஹை பீம் நீலத்துக்கு நீலம் என்று வாங்குங்கள். டயலுக்கு வார்ம் ஒயிட். நுனியில் மட்டும் ஒளி விடும் எல்இடியும் வேண்டாம். மீட்டருக்குள் வெளிச்சம் சுவரில் பட்டுச் சிதறித்தான் டயலுக்கு வருகிறது. நேராக அடித்தால் 30 மட்டும் பளிச்சென்று தெரியும், 60 இருட்டில் கிடக்கும். சுற்றிலும் சில்லுகள் இருக்கும் வகைதான் சரி.

எம்ஜிபி என்ற இன்னொரு பழைய பிரிட்டிஷ் கார் மாதிரி, டேஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைக்கும் குமிழ் உள்ள வண்டிகளில் எல்இடி போட்டால் அந்தக் குமிழ் சும்மா சுற்றும். அதைச் சாதாரண எல்இடியோடு வேலை செய்ய வைக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். பெட்ரோல் மீட்டருக்கான வோல்டேஜ் ஸ்டெபிலைசர் உள்ள வண்டிகளில் அதன் முனையிலிருந்து விளக்குக்கு வயர் இழுத்தால் விளக்கு சிமிட்டும். பழைய ஸ்டெபிலைசர் கரன்ட்டை விட்டுவிட்டுத் தருகிறது. மீட்டர் முள் மந்தமானது, கண்டுகொள்ளாது. எல்இடி ஒவ்வொரு இடைவெளியையும் காட்டிக்கொடுக்கும். டேஷ்போர்டோடு நிறுத்தாமல் வெளி இண்டிகேட்டருக்கும் எல்இடி போட்டால் பல்பின் கரன்ட்டில் சூடேறி வேலை செய்யும் பழைய ஃபிளாஷரால் விளக்கு ஒழுங்காக விட்டுவிட்டு எரியாது. எலக்ட்ரானிக் ஃபிளாஷர் தேவைப்படும், அதிலும் பாசிட்டிவ் எர்த்துக்கு ஏற்றதைத் தேட வேண்டும்.

மீட்டருக்குப் பின்னால் கை விடுவதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். மைனரில் இருப்பது இரண்டே ஃபியூஸ், விளக்கு வயர்கள் அவற்றுக்குள் வராது. சிவப்பில் வெள்ளைக் கோடு போட்டது டேஷ்போர்டு விளக்கு வயர். பிரவுன் வயரில் சாவி எடுத்த பிறகும் கரன்ட் இருக்கும். அறுபது வருஷத்துத் துணி உறை தொட்டால் உதிரும், கையில் மோதிரம் இருந்தால் அதையும் முதலில் கழற்றிவிடுங்கள்.